மனநிலைக் கோளாறுகளும் மரபணு இடைவினைகளும்: ஒரு சொல்லின் மூன்று பொருள்கள்

ஆய்வுச் சுருக்கம்

மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு ஆகிய மனநிலைக் கோளாறுகளின் இடர், மரபணுக்கள் தமக்குள் கொள்ளும் இடைவினைகளைப் பொறுத்து அமைகிறது என்னும் கருத்து மரபியல் எழுத்துகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. ‘இடைவினை’ என்னும் சொல் இங்கே மூலக்கூற்று நிகழ்வையும், உறவினரிடையே காணப்படும் இடர்ப் பரம்பலையும், புள்ளியியல் விலகலையும் ஒருசேரக் குறிப்பதால் குழப்பம் விளைகிறது. இக்கட்டுரை அம்மூன்று பொருள்களையும் பிரித்துக் காட்டுகிறது. செரட்டோனின் கடத்தி மரபணுவைப் பற்றி 2003 முதல் 2019 வரை வெளிவந்த முதன்மையான ஆய்வுகளை முன்வைத்து, எந்தப் பொருளில் இடைவினைக்கு ஆதாரம் உள்ளது என்பதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு, மரபணு இடைவினை, எபிஸ்டாசிஸ், இரட்டையர் ஆய்வு, செரட்டோனின் கடத்தி

முன்னுரை

குடும்பத்தில் ஒருவருக்கு இருமுனைக் கோளாறு இருப்பது உறுதியானதும் உடன்பிறந்தோர் கேட்கும் முதல் வினா, ‘எனக்கும் வருமா?’ என்பதே. திருமணப் பேச்சு நிகழும் வீடுகளில் இதே வினா அச்சமாகவும் மறைப்பாகவும் உருமாறுகிறது. உமிழ்நீர் மாதிரியைப் பெற்று, சில மரபணுக்களை மட்டும் படித்து, ‘உங்கள் மனநிலை இடர்’ என அறிக்கை வழங்கும் வணிகமும் இன்று உலகெங்கும் நடைபெறுகிறது. அத்தகைய அறிக்கைகளில் ‘இம்மரபணு அம்மரபணுவுடன் இணையும்போது இடர் மிகுகிறது’ என்பது போன்ற தொடர்களைக் காணலாம். அத்தொடர் எதன் அடிப்படையில் எழுதப்படுகிறது என்பதை அறிவது மரபியலாளர்க்கு மட்டும் உரிய வேலையன்று.

இரண்டு செய்திகளில் ஐயமில்லை. முதலாவது, இக்கோளாறுகளில் மரபுக்குப் பங்கு உண்டு. இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து சலிவன், நீல், கென்ட்லர் ஆகியோர் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கடும் மனச்சோர்வின் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு. இருமுனைக் கோளாற்றுக்கு இது 60 முதல் 85 விழுக்காடு வரை மதிப்பிடப்படுகிறது. மரபுவழிப் பங்கு என்பது ஒரு மக்கள்தொகையில் மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் எவ்வளவு மரபணு வேறுபாட்டால் விளைகிறது என்பதன் அளவு. தனியொருவரது நோயில் மரபணு வகித்த பங்கை அது சொல்வதில்லை. இரண்டாவது, இக்கோளாறுகளைத் தனியொரு மரபணு தோற்றுவிப்பதில்லை. பல மரபணுக்கள் பங்குகொள்கின்றன என்றால், அவை ஒன்றோடொன்று எவ்வாறு சேர்கின்றன? கட்டுரையின் வினா இதுவே.

சேவலின் கொண்டையும் ஃபிஷரின் கணக்கும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் பேட்சனும் ரெஜினால்டு புன்னெட்டும் கோழிகளின் கொண்டை வடிவத்தை ஆராய்ந்தனர். ரோஜாக் கொண்டையுடைய தூய கோழியையும் பட்டாணிக் கொண்டையுடைய தூய கோழியையும் கலந்தபோது, பிறந்த குஞ்சுகள் இரண்டையும் ஒக்காமல், அக்ரூட் பருப்பைப் போன்ற மூன்றாம் வடிவக் கொண்டையைப் பெற்றன. அவற்றைத் தமக்குள் கலந்தபோது 16க்கு ஒன்று என்ற விகிதத்தில், முன்தலைமுறை இரண்டிலும் இல்லாத ஒற்றைக் கொண்டை வெளிப்பட்டது. இரு மரபணுக்கள் கூடும்போது தனித்தனியே எதனிடமும் இல்லாத ஒரு விளைவு தோன்றுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்டு அரிது. ஒரு மரபணுவின் வெளிப்பாட்டை வேறொரு மரபணு மறைப்பதைக் குறிக்க, எபிஸ்டாசிஸ் என்னும் சொல்லுக்கு அடிப்படையான சொல்லாட்சியைப் பேட்சன் 1909இல் வழங்கினார். லாப்ரடார் நாயின் மஞ்சள் நிறம் இதற்கு இன்று தரப்படும் வழக்கமான எடுத்துக்காட்டு. கருமை அல்லது பழுப்பைத் தீர்மானிக்கும் மரபணு நாயிடம் எவ்வகையில் இருந்தாலும், நிறமி ஏற்பியை ஆக்கும் இன்னொரு மரபணுவின் இரு படிகளும் செயலிழந்திருந்தால் உரோமம் மஞ்சளாகவே அமைகிறது.

ரொனால்டு ஃபிஷர் 1918இல் இதே கருத்தை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றார். மரபணுக்களின் தனி விளைவுகளைக் கூட்டினால் கிடைக்கும் தொகையிலிருந்து உண்மை அளவு விலகுமாயின், அவ்விலகலே அவர் கொண்ட பொருள். பேட்சனுடையது உயிரணுவில் நடப்பதைப் பற்றிய கூற்று. ஃபிஷருடையது மக்கள்தொகையின் கணக்கைப் பற்றிய கூற்று. தமிழில் இரண்டையும் இடைவினை என்றே எழுதிவருகிறோம். பிறமொழிகளிலும் இதே நிலைதான் என்பதால் இதனைத் தமிழின் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்ளும் பிழை இங்கிருந்துதான் தொடங்குகிறது.

உறவினரின் இடர் காட்டும் கணக்கு

இருமுனைக் கோளாறு மக்கள்தொகையில் ஏறத்தாழ 100க்கு ஒருவருக்கு வருகிறது. நோயுற்றவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகிய முதனிலை உறவினரிடையே இது 5 முதல் 10 விழுக்காடு. ஒருகரு இரட்டையருள் ஒருவர் நோயுற்றால் மற்றவர்க்கு 40 முதல் 70 விழுக்காடு. கணக்கின் எளிமைக்காக இவற்றை 1, 7, 50 எனக் கொள்வோம்.

உடன்பிறந்தோர் தம் மரபணு வேறுபாடுகளில் சராசரியாகப் பாதியைப் பகிர்கின்றனர். ஒருகரு இரட்டையர் முழுவதையும் பகிர்கின்றனர். மரபணுக்களின் இடர்கள் வெறுமனே கூடுவனவாயின், உடன்பிறப்பிடம் காணும் மிகை இரட்டையரிடம் இருமடங்காக வேண்டும். உடன்பிறப்பின் மிகை 6. அதன் இருமடங்கு 12. எனவே இரட்டையருக்கு 13 விழுக்காடுதான் கிடைக்கும். உண்மையோ 50ஐ ஒட்டியது. மாறாக, ஒவ்வொரு மரபணுவும் முன்னதன் இடரைப் பெருக்குமாயின், இரட்டையரின் இடர் மடங்கு உடன்பிறப்பின் மடங்கினது வர்க்கமாகும்: 7ஐ 7ஆல் பெருக்க 49. நீல் ரிஷ் 1990இல் வகுத்தளித்த இக்கணக்குமுறை வழியாக, இருமுனைக் கோளாற்றின் குடும்பத் தரவு ஒற்றை மரபணு மாதிரிக்கோ, வெவ்வேறு குடும்பங்களில் வெவ்வேறு மரபணு என்னும் மாதிரிக்கோ பொருந்தவில்லை என்றும், மூன்றோ அதற்கு மேற்பட்டோ மரபணுக்கள் பெருக்கல் முறையில் சேரும் மாதிரிக்குப் பொருந்துகிறது என்றும் நிக் கிராடக்கும் அவர்தம் குழுவினரும் 1995இல் காட்டினர். இடைவினை கொள்ளும் சில மரபணுக்களைத் தேட வேண்டும் என்பதே அக்கால ஆய்வாளர் பலரின் எதிர்பார்ப்பாயிற்று.

கணக்கு அழகானது, ஆனால் அதே எண்களை விளக்க வேறொரு வழியும் உண்டு. டக்ளஸ் ஃபால்கனர் 1965இல் முன்வைத்த வாயில் மாதிரியில், ஒவ்வொருவரிடமும் கண்ணுக்குப் புலப்படாத நோய்ச்சார்பு ஒன்று உள்ளது. மரபணுக்களும் வாழ்க்கைச் சூழலும் அதனைச் சிறிது சிறிதாகக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன. அது குறிப்பிட்ட வாயிலைத் தாண்டும்போது நோய் வெளிப்படுகிறது. இம்மாதிரியில் மரபணுக்களுக்கிடையே எந்த இடைவினையும் கிடையாது, எல்லாம் கூட்டலே. ஆயினும் 1 விழுக்காட்டு நோய்க்கு மரபுவழிப் பங்கு 75 விழுக்காடு எனக்கொண்டு கணக்கிட்டால், உடன்பிறப்புக்கு ஏறத்தாழ 8 விழுக்காடும் ஒருகரு இரட்டையருக்கு 30க்குச் சற்று மேலும் கிடைக்கின்றன. 85 எனக் கொண்டால் முறையே 10ஐ ஒட்டியும் 45ஐ ஒட்டியும் வருகின்றன. களத்தில் காணும் எண்களுக்கு இவை போதிய அளவு நெருக்கமானவை.

நோய்ச்சார்பு என்னும் அளவுகோலில் கூட்டலாக இருப்பது, நோய் விழுக்காடு என்னும் அளவுகோலில் பெருக்கலாகத் தோன்றுகிறது. வாயிலுக்கு வெகுதொலைவில் இருப்பவருக்கு ஒரு படி முன்னேற்றம் எதையும் மாற்றுவதில்லை. வாயிலருகே நிற்பவருக்கு அதே படி எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. ஆகவே உறவினரின் இடர்ப் பரம்பலை மட்டும் கண்டு ‘மரபணுக்கள் இடைவினை கொள்கின்றன’ என்று முடிவுசெய்ய இயலாது.

அளவுகோலின் செல்வாக்கை இன்னும் எளிய எடுத்துக்காட்டாலும் காணலாம். எந்த இடர் அல்லீலும் இல்லாதவரிடம் நோய் 10 விழுக்காடு, முதல் அல்லீல் மட்டும் உடையவரிடம் 20, இரண்டாவது மட்டும் உடையவரிடம் 15, இரண்டும் உடையவரிடம் 30 எனக் கொள்வோம். கூட்டல் அளவுகோலில் எதிர்பார்க்கத்தக்கது 25. எனவே இடைவினை உண்டு. பெருக்கல் அளவுகோலில் எதிர்பார்க்கத்தக்கது 30. எனவே இடைவினை இல்லை. தரவு ஒன்றே, முடிவுகள் இரண்டு. எந்த அளவுகோலில் என்று குறிப்பிடாமல் ‘இடைவினை கண்டறியப்பட்டது’ என எழுதும் கட்டுரைகளைப் படிக்கும்போது இதனை மறக்கலாகாது.

செரட்டோனின் கடத்தி மரபணு: பதினாறு ஆண்டுகள்

குறிப்பிட்ட மரபணுக்களைப் பெயர்சொல்லித் தேடிய ஆய்வுகளுள் பெரும்புகழ் பெற்றது அவ்ஷலோம் காஸ்பி, டெர்ரி மோஃபிட் முதலானோர் 2003இல் வெளியிட்டதாகும். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த குழந்தைகளை வளர்பருவம் முழுவதும் தொடர்ந்து கண்காணித்துவந்த ஆய்வு அது. நரம்பணுக்களிடையே வெளியிடப்பட்ட செரட்டோனினை மீண்டும் உள்ளிழுக்கும் கடத்திப் புரதத்துக்குரிய மரபணுவின் முகப்பில், ஏறத்தாழ 44 கார இணைகள் உள்ள நீண்ட வடிவமும் அவை இல்லாத குறுகிய வடிவமும் உண்டு. குறுகிய வடிவத்தில் கடத்தி குறைவாக உருவாகிறது. 26 வயதில் ஆராயப்பட்ட 847 பேரில், முந்தைய ஐந்தாண்டுகளில் நான்கோ அதற்கு மேற்பட்டோ கடும் வாழ்க்கைத் துயரங்களை எதிர்கொண்டவருள், குறுகிய வடிவத்தை உடையோரில் 33 விழுக்காட்டினரும், இரு படிகளும் நீண்டவையாக உடையோரில் 17 விழுக்காட்டினரும் மனச்சோர்வுக்கு ஆளாயினர். துயரம் நேராதவரிடையே அவ்வேறுபாடு இல்லை. இது மரபணுவுக்கும் சூழலுக்கும் இடையிலான இடைவினை.

அடுத்த படி மரபணுவுக்கும் மரபணுவுக்கும் இடையிலானது. மூளைவழி நரம்பு வளர்காரணி என்னும் புரதத்தின் மரபணுவில், 66ஆம் இடத்தில் வேலின் என்னும் அமினோ அமிலத்துக்குப் பதிலாக மெத்தியோனின் அமையும் ஒரு வேறுபாடு பரவலாகக் காணப்படுகிறது. மெத்தியோனின் வடிவத்தில் அப்புரதம் நரம்பணுவிலிருந்து வெளியிடப்படுவது குறைகிறது. செரட்டோனின் செயற்பாடு இப்புரதத்தின் ஆக்கத்தைத் தூண்டுகிறது. இப்புரதமோ செரட்டோனின் நரம்பணுக்களின் வளர்ச்சிக்குத் துணைநிற்கிறது. இவ்விரண்டின் மரபணுக்களும் இணைந்து செயற்படும் என எதிர்பார்ப்பதற்கு உயிரியல் அடிப்படை இருந்தது. 2006இல் ஜோன் காஃப்மன் குழுவினர், கொடுமைக்கு ஆளான 109 குழந்தைகளையும் அவ்வாறு ஆளாகாத 87 குழந்தைகளையும் ஒப்பிட்டனர். இரு குறுகிய படிகளும் மெத்தியோனின் வடிவமும் ஒருங்கே கொண்டு, கொடுமைக்கும் ஆளான குழந்தைகளிடமே மனச்சோர்வு அளவீடு மிக உயர்ந்திருந்தது என்றனர். அன்புடன் ஆதரிக்கும் பெரியவர்கள் உள்ள குழந்தைகளிடம் அவ்விடர் தணிந்திருந்தது என்பதும் அவர்கள் கண்டது.

ஈராண்டுகளுக்குப் பின், 2008இல், லூக்காஸ் பெசாவாஸ் குழுவினர் உடல்நலமுள்ளோரின் மூளைப் படிமங்களை ஆராய்ந்தனர். உணர்ச்சிகளை ஆளும் அமிக்டலாவையும் அதனோடு இணைந்த மூளைப் பகுதியையும் குறுகிய வடிவம் சுருக்குகிறது என்றும், மெத்தியோனின் வடிவம் அச்சுருக்கத்திலிருந்து காக்கிறது என்றும் அவர்கள் அறிவித்தனர். முந்தைய ஆய்வில் இடரைக் கூட்டிய அதே இணை இங்கே காப்பாக மாறியது. ஒன்று குழந்தைகளின் நோய்க்குறி, மற்றொன்று பெரியவரின் மூளை அமைப்பு. ஆதலால் இரண்டும் நேர் முரண் அல்ல என வாதிடலாம். எனினும் எத்திசையில் முடிவு வந்தாலும் ‘இடைவினைக்குச் சான்று’ என எண்ணப்படுமாயின், அக்கருதுகோளைப் பொய்ப்பிக்க வழியே இராது.

இதற்கிடையே பெருந்தொகுப்பு ஆய்வுகள் தொடங்கின. 2009இல் ரிஷ் குழுவினர் 14 ஆய்வுகளின் 14,250 பேரைத் தொகுத்து, செரட்டோனின் கடத்திக்கும் வாழ்க்கைத் துயரத்துக்கும் இடையே இடைவினை இல்லை என்றனர். 2011இல் கார்க் குழுவினர் 54 ஆய்வுகளை வேறொரு முறையில் தொகுத்து, உண்டு என்றனர். பகுப்பாய்வு முறையை முன்கூட்டியே வெளிப்படையாக வகுத்துக்கொண்டு, 31 தரவுத் தொகுதிகளின் 38,802 பேரை ஆராய்ந்த கல்வர்ஹவுஸ் குழுவினரின் முடிவு 2018இல் அச்சேறியது: வலுவான இடைவினைக்குச் சான்றில்லை. 2019இல் ரிச்சர்ட் பார்டர் குழுவினர், மனச்சோர்வு ஆய்வுகளில் மிகுதியாகப் பேசப்பட்ட 18 மரபணுக்களை, சில பகுப்பாய்வுகளில் 4,43,264 பேர் வரை கொண்ட தரவில் சோதித்தனர். தனி விளைவிலும் சரி, சூழலுடனான இடைவினையிலும் சரி, அவை குலுக்கலில் தேர்ந்த மரபணுக்களைவிட மேம்பட்டு நிற்கவில்லை. மரபணுக்களுக்கு இடையிலான இடைவினையை அவர்கள் நேரடியாகச் சோதிக்கவில்லை. ஆயினும் அத்தகைய இடைவினை பேசிய ஆய்வுகள் பெரும்பாலும் எழுப்பப்பட்டது இதே மரபணுக்களின் மீதுதான்.

சிறு ஆய்வுகள் ஏன் வழிதவறின

இந்தத் தோல்விக்குத் தனிமனிதரின் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது எளிது, அது நேர்மையன்று. சிக்கல் எண்களிலேயே உள்ளது. ஓர் அல்லீல் 10இல் ஒருவரிடமும் மற்றொன்று 10இல் ஒருவரிடமும் இருந்தால், இரண்டும் உடையவர் 100இல் ஒருவர். ஆயிரம் பேரைக் கொண்ட ஆய்வில் அவர்கள் பத்துப்பேர். அப்பத்துப்பேரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் முடிவு தலைகீழாகும். காஃப்மன் ஆய்வின் அல்லீல்கள் இவற்றைவிடப் பரவலானவை. ஐரோப்பிய மக்களிடையே இரு குறுகிய படிகளையும் உடையோர் ஏறத்தாழ 6இல் ஒருவர், மெத்தியோனின் வடிவத்தை உடையோர் ஏறத்தாழ 3இல் ஒருவர். அவ்விகிதங்களை வைத்துக் கணக்கிட்டால், கொடுமைக்கு ஆளான 109 குழந்தைகளில் அந்த இணையை உடையோர் ஆறு பேர் அளவில்தான் அமைவர். ஆறு குழந்தைகளின் துயரம் ஆறு குழந்தைகளின் துயரமே. அதிலிருந்து மனித இனத்துக்குரிய விதி ஒன்றை வடிப்பது இயலாத செயல்.

முன்கூட்டியே மரபணுவைத் தேர்ந்துகொள்ளாமல் எல்லா இணைகளையும் சோதிக்கலாமே எனில், அங்கே வேறொரு சுவர் எழுகிறது. 5 லட்சம் மரபணு வேறுபாடுகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் ஏறத்தாழ 12,500 கோடி இணைகள் கிடைக்கும். அத்தனை சோதனைகளில் தற்செயலாகப் பொருந்துவனவற்றை விலக்க வேண்டுமானால், தற்செயலுக்கான வாய்ப்பு 2.5 லட்சம் கோடியில் ஒன்றுக்கும் கீழாக உள்ள இணையை மட்டுமே ஏற்க இயலும். தனி வேறுபாட்டைத் தேடும்போது வேண்டப்படும் எல்லை 2 கோடியில் ஒன்று. இணைகளைத் தேடும் ஆய்வுக்கு மிகப் பெரும் மாதிரி தேவைப்படுவது இதனாலேயே.

நுண்மையான மூன்றாம் காரணமும் உண்டு. உயிரணுவில் இடைவினை வலுவாக இருந்தாலும் மக்கள்தொகையின் கணக்கில் அது மறைந்துபோகலாம். முதல் அல்லீல் தீங்கு செய்வதற்கு இரண்டாவது அல்லீல் உடனிருப்பது கட்டாயம் எனக் கொள்வோம். கொண்டை வடிவத்துக்கு ஒப்பான முழு இடைவினை. ஆனால் இரண்டாவது அல்லீல் 100இல் 90 பேரிடம் இருந்தால், முதல் அல்லீல் தனித்தே தீங்கு செய்வதாக ஆய்வாளருக்குத் தோன்றும். பத்தில் ஒரு பங்கு விளைவு குறைவாகத் தெரியும், அவ்வளவே. வில்லியம் ஹில், மைக்கேல் கோடார்ட், பீட்டர் விஷர் ஆகியோர் 2008இல் கோட்பாட்டு வழியில் நிறுவியது இதுதான்: மூலக்கூறுகள் எவ்வளவு பின்னிப்பிணைந்து செயற்பட்டாலும், மரபணு வேறுபாட்டின் பெரும்பகுதி கூட்டல் வடிவிலேயே வெளிப்படும். மக்கள்தொகையில் இடைவினை காணப்படவில்லை என்பதால் மூளையில் அது நிகழவில்லை என்று கொள்வது பிழை. மூளையில் அது நிகழ்கிறது என்பதால் இருமரபணு அறிக்கை ஒன்று நம்மைப் பற்றிச் சரியாகச் சொல்லும் என நம்புவதும் அதே அளவு பிழை.

பல்லாயிரம் பேரின் தரவும் ஒரு மூலக்கூற்றுச் சான்றும்

குறிப்பிட்ட மரபணுக்களைத் தேர்வதை விடுத்து, மரபணுத்தொகை முழுவதையும் அலசும் ஆய்வுகள் பொறுமையாக முன்னேறின. சீனாவில் மீண்டும் மீண்டும் கடும் மனச்சோர்வுக்கு ஆளான 5,303 பெண்களை 5,337 பேருடன் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் 10ஆம் குரோமோசோமில் இரு இடங்களை அடையாளம் கண்டது. அவ்விடங்களின் எண்ணிக்கை 2018இல் 44, 2019இல் 102 என உயர்ந்தது. 29 நாடுகளிலிருந்து 50 லட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கிய 2025ஆம் ஆண்டு ஆய்வு ஏறத்தாழ 700 வேறுபாடுகளைப் பட்டியலிட்டது. இருமுனைக் கோளாற்றுக்கு 2021இல் 64 இடங்களும் 2025இல் 298 இடங்களும் கண்டறியப்பட்டன. அவற்றுள் நரம்பணுவின் கால்சியம் வாயிலுக்குரிய ஒரு மரபணு 2008 முதலே மீண்டும் மீண்டும் உறுதிப்பட்டுவருகிறது. ஒவ்வொரு வேறுபாட்டின் விளைவும் மிகச் சிறியது. அவற்றைக் கூட்டிப் பன்மரபணு இடர் மதிப்பெண் கணிக்கின்றனர்; பெயருக்கேற்ப அது கூட்டல்தான்.

இம்மதிப்பெண்ணும் வாழ்க்கைத் துயரமும் இடைவினை கொள்கின்றனவா என்ற வினாவுக்கும் ஒருமித்த விடை வரவில்லை. நெதர்லாந்தின் தரவில் 2014இல் பைரோட் குழுவினர், குழந்தைப்பருவக் கொடுமைக்கு ஆளானோரிடம் மதிப்பெண்ணின் விளைவு மிகுவதாகக் கண்டனர். மேலும் பல தரவுகளைச் சேர்த்து 2018இல் அவர்களே செய்த ஆய்வில் அது உறுதிப்படவில்லை. பிரித்தானியாவின் யுகே பயோபேங்க் தரவில் 2020இல் கோல்மன் குழுவினர், துயர அனுபவம் உடையோரிடம் மனச்சோர்வின் மரபுப் பங்கு 24 விழுக்காடாகவும் மற்றவரிடம் 12 விழுக்காடாகவும் இருப்பதாக மதிப்பிட்டனர். இது கருத்தில் கொள்ளத்தக்க வேறுபாடு. அளவுகோல் பற்றிய முந்தைய எச்சரிக்கை இதற்கும் பொருந்தும்.

மூலக்கூற்றுப் பொருளில் இடைவினையை ஓரளவு தெளிவாகக் காட்டுவது மன அழுத்தச் சுரப்புநீரான கார்ட்டிசாலின் பாதை. எஃப்கேபிபி5 என்னும் புரதம் கார்ட்டிசால் ஏற்பியுடன் பிணைந்து அதன் உணர்திறனைக் குறைக்கிறது. ஏற்பி தூண்டப்படும்போது அதே புரதத்தின் ஆக்கம் பெருகுகிறது. ஒன்றையொன்று கட்டுப்படுத்தும் சுழற்சி இது. எலிசபெத் பிண்டர் குழுவினர் 2013இல், இம்மரபணுவின் குறிப்பிட்ட வடிவத்தை உடையோர் குழந்தைப்பருவக் கொடுமைக்கு ஆளாகும்போது, மரபணுவின் ஒரு பகுதியில் உள்ள மெத்தில் குறிகள் நீங்கி, புரத ஆக்கம் நெடுங்காலம் மிகுந்திருப்பதைக் காட்டினர். ஏற்பியின் மரபணு, அதன் துணைப்புரதத்தின் மரபணு, அனுபவம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடம் இங்கே வேதியியலாகவே கண்ணுக்குப் புலப்படுகிறது. எனினும் இத்தகைய அறிவு நோய்க்கான மருந்தைத் தேடுவோர்க்குப் பயன்படலாம். யாருக்கு நோய் வரும் எனக் கணிப்பதற்கு உதவாது.

மருத்துவ நடைமுறையில்

பன்மரபணு இடர் மதிப்பெண்ணை நம் மக்களுக்குப் பயன்படுத்துவதில் கூடுதல் தடை உண்டு. இதற்கான தரவுகள் பெரும்பாலும் ஐரோப்பிய வழித்தோன்றல்களிடமிருந்து பெறப்பட்டவை. பல்வேறு பண்புகளை ஒருங்கே ஆராய்ந்த அலிசியா மார்ட்டின் குழுவினர் 2019இல், இத்தகைய மதிப்பெண்களின் துல்லியம் தெற்காசிய வழியினரிடம் சராசரியாக 1.6 மடங்கு குறைவு எனக் கண்டனர். அல்லீல்களின் பரவலும், அருகருகே உள்ள வேறுபாடுகள் சேர்ந்து மரபுவழி வரும் முறையும் மக்கள்தொகைக்கு மக்கள்தொகை மாறுவதே இதற்கு முதன்மைக் காரணம். குறுகிய செரட்டோனின் கடத்தி வடிவம் ஐரோப்பாவைவிடக் கிழக்காசியாவில் மிகப் பரவலானது. அங்கே மனச்சோர்வு அதற்கேற்ப மிகுந்து காணப்படவில்லை என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணலாம்.

மரபணு அறிக்கை தர இயலாத பயனைக் குடும்ப வரலாறு இன்றும் தருகிறது. மனச்சோர்வுடன் வரும் இளைஞரிடம், பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அளவுகடந்த எழுச்சி, உறக்கமின்மை, கட்டற்ற செலவு ஆகியவை எப்போதேனும் இருந்தனவா என்று மனநல மருத்துவர் கேட்பதற்குக் காரணம் உண்டு. இருமுனைக் கோளாற்றின் முதல் வெளிப்பாடு பெரும்பாலும் மனச்சோர்வாகவே அமைகிறது. அந்நிலையில் மனச்சோர்வு மருந்தை மட்டும் தனித்துக் கொடுப்பது சிலரிடம் எழுச்சி நிலையைத் தூண்டிவிடலாம். லித்தியத்துக்கு நன்கு இணங்கும் தன்மையும் குடும்பங்களில் தொடர்வதாக அறியப்பட்டுள்ளதால், உறவினர் ஒருவர் எம்மருந்தால் நலம்பெற்றார் என்ற செய்தியும் மருந்துத் தேர்வுக்கு உதவுகிறது. திருமணப் பேச்சை எண்ணி வீட்டார் மறைத்துவைக்கும் செய்தியும் பெரும்பாலும் இதுவே.